வெண்டலின் பிக்கப் எவ்வளவு இழுக்கும்?

எங்கள் நெப்ராஸ்காவில் ஓர் ஆண்பிள்ளையிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இன்னும் குடிக்கிறாயா என்று கேட்கலாம், பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசுகிறாளா என்று கேட்கலாம். "உன் பிக்கப் வண்டி இதை இழுக்குமா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. நான் கேட்டேன். என் தங்கை நடீனின் புருஷன் வெண்டலிடம், பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் வீடு விற்கிற இடத்தில், விற்பனைக்காரன் காதில் விழும்படியாகவே கேட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே!

என் பெயர் ஆர்டிஸ். என் புருஷன் ஆர்லோ மாடு வைத்துப் பால் கறந்தவன். அவன் கண்ணை மூடிய பிறகு மாடுகளும் நிலமும் ஏலத்தில் போயின. நான் ஒரு தையல் மிஷினோடும் நாலு பெட்டியோடும் கியர்னி ஊரில் நடீன் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு பேரும் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்கு முள்ளாய்க் குத்தியது. முகம் சுளித்தாலாவது சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

விதை கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வெண்டலுக்குக் காலில் சக்கரம் முளைத்துவிட்டது. வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரிலேயே குடியிருப்பது என்று முடிவு. குளிர்காலத்துக்கு யூட்டாவின் தெற்கே, கோடைக்கு மொன்டானா. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் பறவை மாதிரிப் போய்வருகிறார்கள். சரி, போகட்டும். ஆனால் வீட்டை விற்றால் பின்னறையும் சேர்ந்துதானே போகும்? அந்தப் பின்னறைக்காரி எங்கே போவாள்?

ஊரில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே மாத முடிவுவரை எனக்காக ஓர் அறையைப் பிடித்துவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். வேகவைத்த கேரட் வாசனை, யாரும் பார்க்காத டிவி, சன்னலோரம் ஒரு நாற்காலி. உட்காரச் சொன்னார்கள், என்னால் உட்கார முடியவில்லை. அந்த இல்லத்தின் நம்பரைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். வா என்றோ போ என்றோ ஒருவர் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது.

டிரெய்லர் பார்க்கப் போன அன்று என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். முதலில் ஒரு சின்ன டிரெய்லர். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு மேசை, மடக்குத் தடுப்பு போட்ட குளியலறை. நடீனுக்கு உள்ளே நுழைந்ததுமே பிடித்துவிட்டது.

"ரெண்டு பேருக்குன்னா இதுவே ராஜபோகம்" என்றாள். சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தாள். "ஐயோ, நான் அப்படிச் சொல்லல ஆர்டிஸ்."

"நீ கணக்குச் சொன்ன. கணக்கு தப்பில்லையே" என்றேன்.

வெண்டல் இதையெல்லாம் காதில் வாங்கவேயில்லை. அவன் பாட்டுக்குக் கடைசியில் நின்ற நீளமான டிரெய்லருக்குப் போய்விட்டான். ரயில் பெட்டி மாதிரி இருந்தது அது. வால் பக்கம் ஒரு தனியறை, அதில் ஒரு கட்டில், அறைக்கு நிஜமான மரக்கதவு. வெண்டல் அந்தக் கதவைச் சாத்தினான், திறந்தான், மறுபடி சாத்தினான். உள்ளே நின்றுகொண்டு எங்களைப் பேசச் சொன்னான். வெளியே வந்து, "இதுதான்" என்றான்.

என் முகத்தைப் பார்க்காமலிருக்க ஒரு கதவு தேடுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு வேறொன்றைக் கேட்டேன்.

"வெண்டல், உன் பிக்கப் இதை இழுக்குமா?"

அவன் காதுமடல் சிவந்தது. "பத்தாயிரம் பவுண்டு இழுக்கும்னு விளம்பரத்துலயே போட்டிருக்கான். இந்த வண்டி ஏழாயிரம்கூட இல்ல."

"அது காலி வண்டிக் கணக்கு. நாம என்ன காத்தை ஏத்திக்கிட்டா போகப் போறோம்?"

"ஆர்டிஸ், நான் வெதை மூட்டை ஏத்தின வண்டியோட முப்பது வருஷம் சுத்தினவன்."

"மூட்டைய முதுகுல ஏத்தினது வேற, வாலுல கட்டி இழுக்கறது வேற."

விற்பனைக்காரன் தன் செருப்பை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வெண்டல் அன்றே பேசி முடித்தான்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். வீட்டு வாசலில் அந்த டிரெய்லரின் மூக்கைப் பிக்கப்பின் கொக்கியில் இறக்கியபோது அது கண்கூடாகத் தெரிந்தது. சாமான் எல்லாம் ஏற்றி முடித்ததும் பிக்கப்பின் பின்பக்கம் பொத்தென்று அமுங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. ஜெனரேட்டர், கருவிப் பெட்டி, நடீன் வருஷம் பூராவும் புட்டியில் அடைத்துவைத்த பீன்ஸும் தக்காளியும், வார்ப்பிரும்புச் சட்டிகள், என் தையல் மிஷின். பக்கத்து வீட்டுக் கிளைட் கையில் பீரோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டான்.

"என்ன வெண்டல், உன் பிக்கப்பு நாய் மாதிரி குந்திக்கிட்டு இருக்கு? பிஸ்கட்டு போடவா?"

"போடா வேலையப் பாத்துக்கிட்டு."

"ஆர்டிஸை இறக்கிவிட்டுடு, தானா நிமிந்துடும்!" என்று சொல்லி அவனே சிரித்தான். நடீன் சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? உள்ளே போய் இல்லத்தின் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

கிளைட் போனதும் வெண்டல் வேலையில் இறங்கினான். முன்பக்கம் இருந்த கனமான சாமான் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தூக்கி டிரெய்லரின் வால் அறைக்குக் கொண்டுபோனான். என் அறைக்கு! கட்டிலுக்கு அடியில் ஜெனரேட்டர், கால்மாட்டில் கருவிப் பெட்டி, சுவரோரம் தக்காளிப் புட்டிகள். அந்த அறைக்குக் கீழேதான் தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. குழாயை வைத்து அதை விளிம்புவரை நிரப்பினான். மூக்கின் பாரம் குறைந்ததும் பிக்கப் நேராக நிமிர்ந்துவிட்டது. தூர நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். பத்தாவது பாஸ் பண்ணின பையன் மாதிரி ஒரு சிரிப்பு.

"இது என்ன, ரூமா குடோனா?" என்றேன்.

"யூட்டா வரைக்கும்தான். அங்க போனதும் எடுத்துடுறேன்."

"வழியில தண்ணி கெடைக்காதா? எதுக்குத் தொட்டி முட்ட ரொப்பற?"

அவன் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கூட்டிக்கொண்டு போகிற மாதிரியும் இருக்க வேண்டும், நானே வெறுத்துப்போய் வரமாட்டேன் என்று சொல்லவும் வேண்டும், அதற்குத்தான் இந்த நாடகம் என்று நினைத்தேன். அப்படியானால் சொல்ல மாட்டேன், போ. வீம்புக்கு ஏறி உட்கார்ந்தேன்.

கொலராடோ மலை ஏற்றம் வேண்டாம் என்று வையோமிங் வழியாகப் போனோம். மலைக்குப் பயந்து காற்றிடம் மாட்டிக்கொண்ட கதை. லாரமி ஊரைத் தாண்டியதும் அந்தச் சாலையில் அக்டோபர் காற்று எப்படி அடிக்கும் என்று லாரி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும். புல் எல்லாம் தரையோடு படுத்துக்கிடந்தது. நான் பின் சீட்டில் இந்தச் சன்னலுக்கும் அந்தச் சன்னலுக்குமாக நகர்ந்துகொண்டே வந்தேன். கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

"கொஞ்சம் சும்மா உக்காரேன் ஆர்டிஸ். நீ அசையறதுலயே வண்டி ஆடுது" என்றாள் நடீன்.

"ஆமா, எல்லாத்துக்கும் நான்தான் காரணம்."

அப்போதுதான் ஒரு பெரிய லாரி எங்களை முந்தியது. அது கடந்து போன அடுத்த நொடி, என் வலப்பக்கச் சன்னலில் எங்கள் டிரெய்லரின் பக்கவாட்டு தெரிந்தது. பின்னால் வரவேண்டிய வண்டி பக்கத்தில் வருகிறது! அது மறைந்து, இடப்பக்கச் சன்னலில் தெரிந்தது. பிக்கப்பின் பின்பாகத்தை யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது. வெண்டல் பிரேக்கை மிதித்தான். ஆட்டம் இன்னும் மோசமாகியது. நடீன் இயேசுவைக் கூப்பிட்டாள்.

"பிரேக்லேர்ந்து காலை எடு!" என்று கத்தினேன். "டிரெய்லர் பிரேக்கைப் பிடி! முட்டிகிட்ட இருக்கே, அது!"

கத்தியிருக்க வேண்டியதில்லை. அவன் கை ஏற்கெனவே அங்கே போயிருந்தது. டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினான். வால் ஒரு தடவை இழுத்தது, இரண்டு தடவை இழுத்தது, பிறகு மெல்ல அடங்கி நேரானது. நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற அடுத்த பாதையில் இறங்கி, லாரிகள் நிற்கிற பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களைப் பிரிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அங்கே லாரி எடை போடுகிற மேடை இருந்தது. யாரும் சொல்லாமலே வெண்டல் வண்டியை அதன்மேல் ஏற்றினான். பிக்கப்பின் முன் சக்கரம், பின் சக்கரம், டிரெய்லர், மூன்றுக்கும் தனித்தனி எடை வந்தது. இறங்கி வந்து, பிக்கப்பில் தன் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சட்டத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் படித்தான். அந்தப் பிக்கப்பை வாங்கிய நாளிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. ஆட்களும் சாமானும் கொக்கியில் உட்காருகிற பாரமும் எல்லாம் சேர்ந்து இந்தப் பிக்கப்பின் முதுகு எவ்வளவு தாங்கும் என்று அதில் போட்டிருந்தது.

"இழுக்கறது பத்தாயிரம்தான்" என்றான் மெதுவாக. "தாங்கறது ஆயிரத்து நானூறு."

"இப்ப எவ்ளோ ஏத்தியிருக்கோம்?" என்றாள் நடீன்.

"கூடத்தான் இருக்கு. அதுவும் மூக்குல பாரம் பத்தாத நிலையில. சாமானைத் திரும்ப முன்னாடி கொண்டுவந்தா ஆட்டம் நிக்கும். ஆனா பிக்கப்பு முதுகு ஒடிஞ்சிரும். பின்னாடி வெச்சா முதுகு தப்பிக்கும், வாலு அடிச்சு நம்மள உருட்டிடும்."

இரண்டு பக்கமும் இடி. எனக்குச் சட்டென்று மனசு தெளிந்துவிட்டது. சொல்லப்போனால் நிம்மதியாகக்கூட இருந்தது. இத்தனை நாள் யாரும் சொல்லாததை அந்த எடை மேடை சொல்லிவிட்டதே!

"கணக்கு ரொம்ப சுலபம்" என்றேன். "நான், என் மிஷினு, என் பொட்டி, என் ரூமு. இது நாலையும் கழிச்சுப் பாரு. சின்ன வண்டியே போதும். லாரமிலேர்ந்து பஸ் இருக்கு. நான் கியர்னிக்குத் திரும்பிடறேன். அங்க எனக்கு எடம் சொல்லி வெச்சிருக்கு."

"என்ன பேச்சு இது?" நடீன் அழ ஆரம்பித்தாள்.

"நெசத்தச் சொல்றேன்டி. ஒன் புருஷன் என் மூஞ்சிய மறைக்க ஒரு கதவை வாங்கினான். கதவு கனமாயிருச்சு. அவ்ளோதான்."

வெண்டல் என் பக்கம் திரும்பினான். அத்தனை வருஷத்தில் அவன் கத்தி நான் கேட்டதில்லை. அன்று கத்தினான். காற்று அடித்த அடியில் கத்தாமல் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

"ஆமா! கதவுக்காகத்தான் வாங்கினேன்! ஒனக்குத்தான் வாங்கினேன்!"

"எனக்கு எதுக்குக் கதவு?"

"தெனமும் விடியக்காலைல பாத்ரூம்ல போயி குழாயைத் தொறந்துவிட்டுட்டு அழுவுறியே, அதுக்கு! யாருக்கும் கேக்கலேன்னு ஒனக்கு நெனப்பு. அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் என் தலைமாடு. ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். அந்தச் சின்ன வண்டில எங்க போயி அழுவ? ஒரு மடக்குத் தடுப்பு, அதுல ஒரு பூனை தும்மினாக் கேக்கும்!"

நான் டிரெய்லரின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தொட்டில தண்ணிய எதுக்கு ரொப்பினேன்னு கேட்டியே" என்றான், குரல் இறங்கிவிட்டது. "குழாயைத் தொறந்துவிட்டா பாதித் தொட்டி ரெண்டே நாள்ல தீந்துடும். அப்பறம் நீ எப்படி அழுவேன்னுதான்..."

மேலே சொல்லத் தெரியாமல் போய் டிரெய்லரின் டயரை உதைத்தான். டயரில் ஒன்றுமில்லை, சும்மா உதைத்தான். நடீன் அழுகையை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது போலிருக்கிறது. அவள் தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

எனக்கு வந்த வெட்கத்தை எப்படிச் சொல்வது? அம்மணமாக நின்ற மாதிரி இருந்தது. கோபமும் வந்தது. ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, காலையில் வந்து ஒன்றும் தெரியாதவன் மாதிரி முட்டை எப்படி வேண்டும் என்று கேட்டிருக்கிறானே, பாவி! இவனைப் போய் என்னென்ன நினைத்துவிட்டேன்! அந்தப் பங்க்கைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். காற்று என்னைத் தள்ளிக்கொண்டே வந்தது. திரும்பி வந்தபோது இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"அந்தக் கதவு வேணாம்" என்றேன்.

"ஆர்டிஸ், நீ பஸ்சுல போறேன்னு மட்டும் திரும்ப ஆரம்பிச்சே..."

"யாருய்யா போறேன்னா? கதவு வேணாம்னேன். மொதல்ல அந்தத் தண்ணியத் தொறந்து கொட்டு. அப்பறம் இந்த ரயில் பொட்டிய லாரமில குடுத்துட்டு, ஒன் வண்டிக்கு ஏத்ததா ஒண்ணு வாங்கு. ஸ்டிக்கரைப் படிச்சுட்டு வாங்கு."

"மூணு பேரு எப்படி..."

"எனக்கென்ன, மாட்டுத் தொழுவத்துல படுத்துப் பழக்கம்."

தொட்டியைத் திறந்துவிட்டோம். அத்தனை தண்ணீரும் பங்க்கின் சரளைக்கல்லில் ஓடியது. வால் பாரத்தில் கொஞ்சத்தை முன்னே கொண்டுவந்து, மிச்சத்தை அங்கேயே வாங்கிக்கொள்கிறவர்களுக்குக் கொடுத்தோம். தக்காளிப் புட்டிகளுக்கு லாரிக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். என் மிஷினை நானே ஒரு பெண்ணிடம் தூக்கிக் கொடுத்தேன், ஜெனரேட்டரை வெண்டல் ஒரு தாடிக்காரனிடம் தள்ளிவிட்டான். காற்று தணிந்த பிறகு, கழுதை நடையில் லாரமிக்குத் திரும்பினோம்.

அங்கே எங்களுக்குக் கிடைத்தது, நடீன் முதலில் ஆசைப்பட்டது போன்ற சின்ன டிரெய்லர்தான். நாலு பேர் படுக்கலாம் என்று விற்றவர் சொன்னார்.

"அதுல ரெண்டு பேரு பூனையா இருந்தா" என்றேன்.

இம்முறை வெண்டல் தன் பிக்கப்பின் கதவைத் திறந்து, ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினான். மூன்று பேர் எடையையும் கேட்டு எழுதினான். நடீன் பொய் சொன்னாள். "நெசத்தைச் சொல்லு" என்று அதட்டியதும் திருத்திச் சொன்னாள். எனக்குப் படுக்கை என்று தனியாக ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசையின் காலை மடக்கிப் பலகையை இறக்கி, அதன்மேல் மெத்தையைப் போட்டால் அதுதான் என் கட்டில். அவர்கள் கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் குறுக்கே நடக்கலாம், அவ்வளவுதான் இடம்.

முதல் விடியலில் எனக்கு வழக்கம்போல விழிப்பு வந்துவிட்டது. ஆர்லோ பால் கறக்க எழுந்திருக்கிற நேரம் அது. அவன் இருட்டில் பூட்ஸைத் தேடித் தடவுகிற சத்தத்துக்கு விழித்து விழித்துப் பழகிய உடம்பு. எழுந்து குளியலறைப் பக்கம் போகலாமென்று காலைக் கீழே வைத்தேன். வெண்டல் தன் கட்டில் ஓரத்தில், கையில் காலிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலிருக்க அந்த வண்டியில் இடமே இல்லை. என் கண்ணில் ஏற்கெனவே நிறைந்துவிட்டது.

"மேசை வேணுமா?" என்றேன். நான் எழுந்து மெத்தையைச் சுருட்டினால்தான் அவன் கோப்பையை எங்கேயாவது வைக்க முடியும்.

"அவசரமில்ல" என்றான். "அழுது முடிச்சுட்டே எழுந்திரு. காப்பி இன்னும் எறங்கல."

நான் குழாயைத் திறக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, சத்தம் வர, அழுது முடிக்கிறவரை அழுதேன். வெண்டல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.